மீண்டவளும் கைவிடப்பட்டவளும்: சூப்பர் ஹீரோ சித்திரக்கதைகளில் வலிந்த கதைப்பின்னலும் பாத்திர முரணும்

நடக்க இயலாதது கதையில் நடப்பது வேறு; நடப்பதற்குரிய காரணம் கதைக்குள் இல்லாமலே ஒன்று நடப்பது வேறு. சூப்பர் ஹீரோ சித்திரக்கதையின் வாசகர் முன்னதை எளிதில் ஏற்கிறார். கண்களிலிருந்து அழிவுக்கதிர் பாயும் மனிதன் அவருக்கு இடர்ப்பாடு தருவதில்லை. அம்மனிதன் இருபதாண்டுகளாகக் காட்டிவந்த இயல்புக்கு மாறாக ஓர் இதழில் நடந்துகொண்டால் அவர் நம்பிக்கை இழக்கிறார். முடிச்சு கதைக்குள்ளிருந்தே அவிழ வேண்டும் என்றும், பாத்திரம் முரண்பட்டதாயின் அம்முரணும் சீராக அமைய வேண்டும் என்றும் அரிஸ்டாட்டில் தம் ‘கவிதையியல்’ நூலின் 15ஆம் இயலில் கூறுவன இங்கும் பொருந்தும். வலிந்த கதைப்பின்னலும் பாத்திர முரணும் தனித்தனிக் குறைகளாகத் தோன்றினும், முன்னது பின்னதைப் பிறப்பிக்கும் முறையை மார்வெல் நிறுவனத்தின் எக்ஸ்-மென் கதைகளில் 1980க்கும் 1989க்கும் இடையே தெளிவாகக் காணலாம்.

எக்ஸ்-மென், பிறவியிலேயே அரிய ஆற்றல் பெற்று, அதனாலேயே மக்களின் வெறுப்புக்கு ஆளாகும் மரபுப்பிறழ்வினர். அவர்களுள் ஒருத்தியான ஜீன் கிரே ‘ஃபீனிக்ஸ்’ என்னும் பேராற்றலைப் பெற்று, அதன் வெறியில் ஒரு விண்மீனை விழுங்குகிறாள். அதைச் சுற்றிவந்த கோளில் வாழ்ந்த 500 கோடி உயிர்கள் அழிகின்றன. எழுத்தாளர் கிறிஸ் கிளேர்மாண்டும் ஓவியர் ஜான் பர்னும் முதலில் அவள் ஆற்றலை மட்டும் இழந்து உயிரோடிருப்பதாகவே கதையை முடித்திருந்தனர். அத்துணைப் பெரிய கொலைக்கு அது போதாதென்று தலைமைப் பதிப்பாசிரியர் ஜிம் ஷூட்டர் மறுத்தார். எனவே 1980 செப்டம்பர் தேதியிட்ட 137ஆம் இதழில் ஜீன், நிலவில், காதலன் ஸ்காட் சம்மர்ஸின் கண்முன்னே தன்னை மாய்த்துக்கொள்கிறாள். இம்முடிவு பதிப்பகத்தின் தலையீட்டால் பிறந்தது. ஆயினும் தன் செயலின் சுமையைத் தானே ஏற்கும் ஒருத்தியின் இயல்பிலிருந்து அது எழுவதால் வலிந்ததாகத் தோன்றவில்லை. வெளியிலிருந்து வந்தது என்பதாலேயே ஒரு திருப்பம் செயற்கையாகிவிடாது.

அடுத்து, 1983இல் வெளிவந்த 175ஆம் இதழில், ஸ்காட் மாடலின் பிரயர் என்னும் விமானியை மணக்கிறான். அவள் உருவில் ஜீனை ஒத்தவள். எனினும் அவள் ஜீன் அல்லள், தனக்கென வாழ்வுடைய வேறொரு பெண் என்பதை ஸ்காட் உணர்வதே அக்கதையின் மையம். 1986 ஜனவரி இதழ் காலத்தில் அவர்களுக்கு ஆண் குழந்தையும் இருக்கிறது.

அதே வேளையில், 1963இல் அறிமுகமான முதல் ஐவரையும் ஒன்றுகூட்டி ‘எக்ஸ்-ஃபாக்டர்’ என்ற புதிய தொடரைத் தொடங்க மார்வெல் முடிவு செய்தது. ஐவருள் ஒருத்தி இறந்துபோயிருந்தாள். குற்றமற்றவளாக இருந்தாலன்றி அவள் மீளக்கூடாது என்பது ஷூட்டரின் நிபந்தனை. பிற்காலத்தில் புகழ்பெற்ற எழுத்தாளரான கர்ட் பியூசிக், தாம் வாசகராக இருந்தபோதே எண்ணிவைத்திருந்த ஒரு வழி கைகொடுத்தது: உண்மையான ஜீன் நியூயார்க்கின் ஜமைக்கா விரிகுடாவின் அடியில் ஒரு கூட்டுக்குள் உறங்கிக்கொண்டிருந்தாள், அவள் உருவையும் நினைவையும் படியெடுத்த ஃபீனிக்ஸ் ஆற்றல் தன்னையே ஜீன் என எண்ணி வாழ்ந்து மடிந்தது. கொன்றவளும் உயிர்துறந்தவளும் அவள் அல்லள்.

இவ்வாறு பழைய நிகழ்வின் பொருளைப் பின்னால் வந்து மாற்றும் உத்தியை ‘ரெட்கான்’ என்பர். உத்தி மட்டும் குறையாகாது. டிசி நிறுவனத்துக்காக ஆலன் மூர் 1984இல் எழுதிய ‘ஸ்வாம்ப் திங்’ 21ஆம் இதழும் ஏறத்தாழ இதே உத்தியையே ஆள்கிறது. விபத்தில் சதுப்புநில உயிரியாக மாறிய அறிவியலாளர் அலெக் ஹாலந்து என்று அதுவரை கருதப்பட்டது, உண்மையில் இறந்த ஹாலந்தின் நினைவுகளை உறிஞ்சித் தன்னை மனிதன் என நம்பிய தாவரத்திரளே என அது வெளிப்படுத்துகிறது. அதன்பின் அவ்வுயிரி மீண்டும் மனிதனாகலாம் என்ற நம்பிக்கையை இழக்கிறது. மூரின் திருத்தம் நாயகனிடமிருந்து ஒன்றைப் பறிக்கிறது. ஜீனுக்குச் செய்யப்பட்ட திருத்தமோ நாயகியின் பழியைத் துடைத்து, கணக்கை வேறொருவர் தலையில் எழுதுகிறது.

அந்த வேறொருவர் மாடலின். ஜீன் உயிரோடிருப்பதாகத் தொலைபேசியில் அறிந்ததும் ஸ்காட், அலாஸ்காவில் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுப் புறப்படுகிறான். தனக்கு மணமானதை ஜீனிடம் பல இதழ்கள்வரை மறைக்கிறான். இவனே, எரியும் விமானத்திலிருந்து பெற்றோரால் பாராசூட்டில் தள்ளிவிடப்பட்டு அனாதை இல்லத்தில் வளர்ந்தவன். கண்ணின் கதிர் கட்டுக்கடங்காதது என்பதால் அடக்கமும் கடமையுணர்வுமே அவன் குணமாக வரையப்பட்டிருந்தன. அனாதையாக வளர்ந்தவன் தன் மகனை விட்டுச் செல்வது மனித வாழ்வில் நிகழாததன்று. நிகழ்வதாயின் அதுவே ஒரு பெருங்கதை. முதல் இதழிலோ அது தொடர் தொடங்குவதற்கான ஏற்பாடாகச் சில பக்கங்களில் முடிகிறது. வெறுப்புக்கு எதிராகப் போராடிய இவ்வைவரும், பிறழ்வினரைக் கூலிக்குப் பிடித்துத் தருவோர் என விளம்பரம் செய்துகொண்டு செயல்படுவதாக அத்தொடர் காட்டியது மற்றொரு விந்தை.

பாத்திரங்கள் நிறுவனத்தின் உடைமை. ஒரே காலத்தில் பல தொடர்கள் அவற்றைப் பங்கிடுகின்றன. ஒரு தொடரில் எழுதப்பட்ட மணவாழ்வை மற்றொரு தொடரின் தேவை கலைக்க, முதல் எழுத்தாளர் சிதைந்ததை ஏற்றுத் தொடர வேண்டியவராகிறார். கிளேர்மாண்ட் தம் தொடரில் மாடலினை எக்ஸ்-மென்னோடு சேர்த்து, அவள் வேதனைக்கும் சினத்துக்கும் சிறிது காலம் இடமளித்தார்.

எனினும் ஸ்காட் நாயகனாகவே நீடிக்க வேண்டியிருந்தது. அவன் தவறு தவறாகவே நின்றால் அது இயலாது. ஆகவே ‘இன்ஃபெர்னோ’ என்னும் கதைத்தொடரில், மாடலின் பிறந்து வளர்ந்த பெண்ணே அல்லள், வில்லனான மிஸ்டர் சினிஸ்டர் ஜீனின் உயிரணுவிலிருந்து ஆக்கிய படி என்று அறிவிக்கப்பட்டது. கைவிடப்பட்ட மனைவி பேய்களோடு கூட்டுச்சேர்ந்து, தன் குழந்தையையே பலியிட முனையும் அரக்கியானாள். அவள் ஜீன் அல்லள் என்பதை மெய்ப்பிக்கவே எழுதப்பட்ட 1983ஆம் ஆண்டின் மணக்கதை, இதனால் பொருளற்றதாயிற்று. 1989இல் வெளிவந்த எக்ஸ்-ஃபாக்டர் 38ஆம் இதழில் மாடலின் இறக்கிறாள். அவள் நினைவுகள் ஜீனின் மனத்துக்குள் சென்று சேர்கின்றன.