தேசிங்கு தெரியும்... சோழகனைத் தெரியுமா?

செஞ்சிக் கோட்டைனு சொன்னதும் உங்களுக்கு யார் ஞாபகம் வரும்? ராஜா தேசிங்கு! 1714-ல், கிட்டத்தட்ட நம்ம வயசுலயே ஆற்காட்டு நவாபோட மோதி உயிரைவிட்ட வீரர். சரி, அதே கோட்டைக்கு ஒரு ஆத்துக் கதையும் இருக்கு... கேட்டிருக்கீங்களா?

'அவலூர்பேட்டைக்காரன் ஆத்தைப் பத்திப் பேசறானா?'னு சிரிக்காதீங்க பாஸ்! எங்க பக்கம் ஏரியும் கிணறும்தான் எல்லாம். செஞ்சி ஆறுங்கிற சங்கராபரணிகூட மழை பெய்தால்தான் தலைகாட்டும். ஆனா, நாயக்கர் காலத்தில் செஞ்சி ராஜ்ஜியத்தின் எல்லையைப் பாருங்க... வடக்கே பாலாறு, தெற்கே கொள்ளிடம். ஆமா, காவிரி வெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டுபோகிற அதே கொள்ளிடம்தான்!

1597-ல் பிமென்டா என்ற போர்ச்சுக்கீசியப் பாதிரியார் இந்தப் பக்கம் வந்தார். அப்போ செஞ்சியின் ராஜா கிருஷ்ணப்ப நாயக்கர். வெள்ளாறு கடலில் கலக்கிற இடத்தில் தன் பேரிலேயே ஒரு பட்டணம் கட்டிக்கிட்டிருந்தார். கொள்ளிடம் கடலில் கலக்கிற இடத்தில் தேவிக்கோட்டைத் தீவு. அங்கே சோழகன் என்ற தலைவர், நாயக்கருக்குக் கட்டுப்பட்டவர். செஞ்சியைப் பார்த்த பிமென்டா அசந்துட்டார். 'லிஸ்பனைத் தவிர, எங்க நாட்டில்கூட இவ்வளவு பெரிய நகரம் இல்லை'ங்கிற அளவுக்கு எழுதிவைத்தார்.

மலைக்கோட்டை ராஜாவுக்கு முகத்துவாரம் எதுக்கு? சிம்பிள். மலை பாதுகாப்பு தரும், கப்பல் தராது! அதனாலதான் அந்தத் தீவு மேல எல்லாருக்கும் கண்ணு. தஞ்சை ரகுநாத நாயக்கர் சோழகனைத் தோற்கடித்தார். அவர் அவையில் இருந்த பெண் கவி ராமபத்ராம்பா, அவருடைய வெற்றிகளை சமஸ்கிருதத்தில் காவியமாகவே பாடிட்டாங்க. 1749-ல் தேவிக்கோட்டை ஆங்கிலேயக் கம்பெனி கைக்குப் போச்சு. அடுத்த வருஷமே செஞ்சிக் கோட்டை பிரெஞ்சுக்காரர்களிடம்! ஆத்து வாய் ஒருத்தரிடம், மலை இன்னொருத்தரிடம்... ரெண்டுமே நம்மகிட்ட இல்லை.

இதையெல்லாம் தேடித் தொகுத்தவர் ஒரு காலேஜ் புரொபசர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் சி.எஸ்.ஸ்ரீனிவாசாச்சாரி. செஞ்சியின் வரலாற்றை அவர் புத்தகமாக்கியது 1943-ல். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிற கேம்பஸில் உட்கார்ந்து செஞ்சியை எழுதியிருக்கார் மனுஷன்!

2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் செஞ்சி சேர்ந்தது. 'மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்' என்ற தலைப்பில் 12 கோட்டைகள். தமிழ்நாட்டிலிருந்து இது ஒண்ணுதான். பெருமைதான். ஆனா, அந்தத் தலைப்பில் நாயக்கரும் இல்லை, கொள்ளிடமும் இல்லை. இனி உலகமே வந்து பார்க்கப்போகுது. வர்றவங்களுக்கு இந்தக் கதையை யார் சொல்றது? நாமதான்!

அடுத்த முறை ராஜகிரி ஏறினா, செல்ஃபி எடுத்து முடிச்சதும் ஒரு நிமிஷம் தெற்கே திரும்பி நில்லுங்க. கொள்ளிடம் கண்ணுக்குத் தெரியாது. ஆனா, நீங்க நிற்கிற ராஜ்ஜியம் அதுவரைக்கும் போயிருக்கு!