சீரீஸ் போர்டில் ஒரு குண்டு பல்பு

மிக்ஸி, அயர்ன் பாக்ஸ் பழுது பார்க்கும் கடைகளில் கவனித்திருப்பீர்கள். ஊரே எல்.இ.டி.க்கு மாறிய பிறகும் மேஜைக்கு மேலே ஒரு 100 வாட் குண்டு பல்பு விடாப்பிடியாக உட்கார்ந்திருக்கும். வெளிச்சத்துக்காக அல்ல. அதை மாட்டிய பலகைக்கு 'சீரீஸ் போர்டு' என்று பெயர். டீ வருவதற்குள் அதன் சூட்சுமத்தைப் பார்த்துவிடலாம்.

230 வோல்ட்டில் எரியும் 100 வாட் பல்பின் மின்தடை சுமார் 529 ஓம். அதற்குள் ஓடுவது 0.43 ஆம்பியர். பழுதான அயர்ன் பாக்ஸை மெக்கானிக் இந்தப் பல்போடு தொடரிணைப்பில் மாட்டுகிறார். கரண்ட்டுக்கு ஒரே வழிதான்; பல்பைத் தாண்டாமல் பெட்டிக்குள் போக முடியாது. பெட்டிக்குள் ஷார்ட் என்றால்? நேரே பிளக்கில் செருகியிருந்தால் ஃபியூஸ் போயிருக்கும். இங்கே பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், அவ்வளவுதான். பெட்டியின் தடை பூஜ்யமே ஆனாலும் பல்பின் 529 ஓம் குறுக்கே நிற்கிறதே! உள்ளே காயில் அறுந்திருந்தால் பல்பு எரியவே எரியாது. நல்ல நிலையில் உள்ள 1000 வாட் பெட்டி என்றால் அதன் 53 ஓமும் சேர்ந்துகொள்ளும். கரண்ட் 0.4 ஆம்பியருக்குச் சற்றுக் கீழே இறங்கும், பல்பு கொஞ்சம் மங்கும். அந்த மங்கலைக் கண்ணாலேயே பிடிப்பதில்தான் மெக்கானிக்கின் கைப்பழக்கம் இருக்கிறது.

இப்போது ஒரு கேள்வி. 100 வாட் பல்பையும் 40 வாட் பல்பையும் தொடரிணைப்பில் மாட்டினால் எது பளிச்சென்று எரியும்? பத்தில் எட்டுப் பேர் 100 என்பார்கள். எரிவது 40. அதன் இழை மெல்லியது. தடை 1,322 ஓம். இரண்டிலும் ஓடுவது ஒரே கரண்ட் என்பதால், தடை அதிகமுள்ளதே வோல்ட்டேஜில் பெரும்பங்கை எடுத்துக்கொள்கிறது. காகிதக் கணக்கில் சின்ன பல்புக்கு 164 வோல்ட், பெரியதற்கு 66. நிஜத்தில் வித்தியாசம் இன்னும் கூடும். பெரிய பல்பின் இழை சரியாகச் சூடேறாததால் அதன் தடை 529 ஓமைக் கூட எட்டாது.

வீட்டு வயரிங் இதற்கு நேர்மாறு, எல்லாமே பக்க இணைப்பு. ஒவ்வொரு பல்புக்கும் முழு 230 வோல்ட்; ஒன்று அணைந்தாலும் மற்றது தன் பாட்டுக்கு எரியும். 0.43 ஆம்பியரும் 0.17 ஆம்பியரும் மெயின் ஒயரில் சேர்ந்து 0.6 ஆகிறது. இரண்டின் கூட்டுத் தடை 378 ஓம்தான், இரண்டில் குறைந்ததான 529ஐ விடவும் குறைவு. தடையைச் சேர்த்தால் தடை எப்படிக் குறையும் என்று பிள்ளைகள் மலைக்கும் இடம் இது. கல்யாண மண்டபத்தில் பெரிய கதவுக்குப் பக்கத்தில் ஒரு குறுகலான கதவையும் திறந்துவிடுங்கள். அது எவ்வளவு குறுகலானாலும் கூட்டம் வெளியேறுவது வேகமாகும், ஒருபோதும் மெதுவாகாது.

ஆனால் மெயின் ஒயர்? அங்கேதான் வினை. ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் 1500 வாட் வெந்நீர் ராடையும் 1000 வாட் அயர்ன் பாக்ஸையும் மாட்டினால் 6.5ம் 4.3ம் சேர்ந்து ஏறக்குறைய 10.9 ஆம்பியர். பலர் வீட்டில் அதைச் செருகியிருப்பது 6 ஆம்பியர் பாயிண்டில். இரண்டு கருவிகளும் ஒன்றுக்கொன்று பக்க இணைப்பு. ஆனால் அந்தப் பிளக்கும் ஒயரும் இரண்டுக்கும் தொடரிணைப்பு. பிளக்கின் ஊசி சாக்கெட்டில் தளர்ந்து அரை ஓம் தடை முளைத்தால் போதும், அந்த ஒரு புள்ளியில் மட்டும் 55 வாட்டுக்கு மேல் சூடு. பிளாஸ்டிக் பழுப்பேறி உருகுவது அதனால்தான். அயர்ன் பாக்ஸைக் கழற்றிவிட்டு ராடை மட்டும் ஓட விட்டால், அதே தளர்ந்த ஊசியில் எழும் சூடு 20 வாட் சொச்சம்.