641 எப்படிச் சிக்கியது?

3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள். 2¹ + 1, 2² + 1, 2⁴ + 1 என அடுக்கு இரட்டித்துச் செல்லும் இந்த வரிசையில் அடுத்து வரும் 2³² + 1, அதாவது 4294967297-உம் பகா எண்தான் என்று நம்பினார் கணித அறிஞர் ஃபெர்மா. 1732-இல் ஆய்லர் அதை 641 × 6700417 என்று உடைத்துக் காட்டினார்.

கண்ட எண்ணாலெல்லாம் அவர் வகுத்துப் பார்க்கவில்லை. இதன் பகாக் காரணி எதுவானாலும், அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும். அப்படிப்பட்டவை 193, 257, 449, 577, பிறகு 641. ஐந்தாவதிலேயே அகப்பட்டுவிட்டது! இந்த நிபந்தனை ஃபெர்மாவின் சிறிய தேற்றத்திலிருந்தே பிறக்கிறது. அவரே பிடிக்காமல் போனதுதான் வேடிக்கை.

ஏன் 641? அது 5 × 2⁷ + 1. எனவே 641-ஆல் வகுக்கையில் 5 × 2⁷-இன் மீதியை −1 எனலாம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 625 × 2²⁸-இன் மீதி 1. ஆனால் 641 என்பது 625 + 16-உம்கூட. ஆகவே 625 இருக்கும் இடத்தில் −16 போடலாம்: −2³²-இன் மீதி 1. அப்படியானால் 2³² + 1-க்கு மீதியே இல்லை.