உங்களுக்குத் தெரியுமா? பக்கத்து வீட்டுப் பெண்ணே ஜாமீன்!

பூக்காரியும் இட்லிக் கடைக்காரியும் காலையில் தண்டலுக்கு வாங்கி, சம்பாத்தியத்தை வட்டிக்கே கொடுத்துக்கொண்டிருந்த சென்னையில், 1978-ல் ஜெயா அருணாசலம் 'வொர்க்கிங் விமன்ஸ் ஃபோரம்' தொடங்கினார். அதன் தலைமையகம் மயிலாப்பூரில். முதலில் சேர்ந்தவர்கள் சுமார் 800 பெண்கள்.

தொடக்கத்தில் வங்கிக் கடன் வாங்கித் தந்தார்கள். அது போதவில்லை. 1981-ல் தங்களுக்கென்றே கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். கடன் வாங்குபவரே அதன் பங்குதாரர், உரிமையாளர்! நகை, பத்திரம் எதுவும் அடகு வேண்டாம். அதே தெருவின் பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றால் போதும். சாதி பார்க்காத குழுக்கள் என்பதுதான் இதில் பெரிய விஷயம்.

சிறுகடனுக்கு உலகமே உதாரணம் காட்டும் வங்கதேசத்தின் கிராமீன், தனி வங்கியானது 1983-ல்தான்.