கையெழுத்துப் போட்டால் போலீஸ் வருமா?

சென்ற ஆண்டு ஒரு நாள் மாலை. பள்ளி முடிந்து நான் மோட்டார் சைக்கிளை எடுக்கப் போனபோது, ஐந்தாம் ஆண்டில் படிக்கும் மாணவன் ஒருவனின் தாயார் வாசலருகே நின்றுகொண்டிருந்தார். கையில் நான்காக மடித்த ஒரு தாள்.

"சார், இதுல கையெழுத்துப் போட்டா போலீஸ் வந்து புடிச்சிக்கிட்டுப் போயிருமாமே, நெசமா?"

தாளைப் பிரித்துப் பார்த்தேன். மகஜர். அந்த அம்மாள் குடியிருக்கும் தோட்டம் கைமாறி விட்டது. பெயர் வேண்டாம். லயத்து வீடுகளுக்குத் தனி மீட்டர் கிடையாது. தோட்டத்துக் கணக்கிலிருந்துதான் மின்சாரம் வருகிறது. மாதக் கடைசியில் அதை நிறுத்தப் போகிறார்கள் என்று பேச்சு. தனி மீட்டர் வரும்வரை விளக்கை அணைக்காதீர்கள் என்பதுதான் மகஜரில் இருந்த கோரிக்கை. முப்பது குடும்பங்கள். அவற்றில் பதினொரு கையெழுத்துகள்தாம் விழுந்திருந்தன. மற்றவர்கள் பயந்து விட்டார்கள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பார்த்துச் சொல்றேம்மா" என்றேன். சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டேன். எனக்குத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. பயிற்சிக் கல்லூரியில் பாடம் நடத்தச் சொல்லிக் கொடுத்தார்கள். இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. நான் பிறந்து வளர்ந்ததும் லயத்தில்தான். எங்கள் தோட்டத்தில் மாலை ஆறு மணிக்கு இயந்திரம் ஓடத் தொடங்கும். இரவு பத்து மணிக்கு நின்றுவிடும். அதன்பிறகு மண்ணெண்ணெய் விளக்குதான். பரீட்சைக் காலத்தில் புகையில் கண் எரிய எரியப் படித்தது இன்னும் நினைவில் இருக்கிறது. இன்னும் இரண்டு மணி நேரம் இயந்திரத்தை ஓட விடுங்கள் என்று பெரியவர்கள் துரைக்கு எழுதினார்கள். என் தகப்பனார் கைநாட்டு வைத்தார். மை காயாத பெருவிரலை வேட்டியில் துடைத்துவிட்டு, அந்தக் கறைக்காக அம்மாவிடம் ஏச்சு வாங்கினார். கையெழுத்துப் போடத் தெரியாத மனிதருக்கு இருந்த துணிவு, சான்றிதழ் வாங்கிய மகனுக்கு இல்லாமற் போயிற்றே!

ஆகவே தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

நம் நாட்டில் மின்சாரத்தின் பொருட்டு நீண்ட காலம் போராடியவர்கள் யார்? சரவாக்கின் பூர்வகுடி மக்கள். அவர்களுள் பலர் நம்மைப் போலவே ஒரே கூரையின்கீழ் வரிசை வரிசையாகக் குடியிருப்பவர்கள். நமக்கு லயம், அவர்களுக்கு நீண்டவீடு. ஒரு வேற்றுமை உண்டு. நமக்கு நிலம் சொந்தமில்லை. அவர்களுக்குப் பாட்டன் பூட்டன் காலத்து நிலம் இருந்தது.

பாக்குன் அணையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2,400 மெகாவாட் மின்சாரத்துக்காக எழுப்பிய அணை. அதன் நீர்த்தேக்கம் ஏறக்குறைய சிங்கப்பூர்த் தீவின் பரப்பளவுக்குக் காட்டையும் நிலத்தையும் மூழ்கடித்தது. சுமார் 10,000 பேர் 1998, 1999-ஆம் ஆண்டுகளில் சுங்கை ஆசாப் என்னும் இடத்துக்குக் குடிபெயர்க்கப்பட்டார்கள். குடும்பத்துக்கு மூன்று ஏக்கர் நிலம். ஆற்றில் மீனும் காட்டில் வேட்டையும் கண்டவர்களுக்கு மூன்று ஏக்கர்! ஒரு மூட்டை அரிசிக்கும் கையில் காசு வேண்டும் என்ற நிலை அவர்களுக்குப் புதிது. தோட்டம் துண்டாடப்பட்டுப் பட்டணத்து அடுக்குமாடிக்குப் போன நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அவர்கள் சும்மா இருந்தார்களா? இல்லை. மூன்று பூர்வகுடியினர் நீதிமன்றம் போனார்கள். இப்படிப்பட்ட பெரிய வேலையைத் தொடங்குமுன் சுற்றுச்சூழல் பாதிப்பைப் பற்றி அறிக்கை தயாரித்து, பொதுமக்களும் அதைப் பார்த்துக் கருத்துச் சொல்ல இடம் தரவேண்டும் என்பது 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி இருந்த ஏற்பாடு. ஆனால் 1995-இல் ஓர் உத்தரவு வந்தது. அந்த ஏற்பாடு சரவாக்குக்குப் பொருந்தாது என்றது. அதுமட்டுமா? 1994 செப்டம்பர் முதல் தேதியிலிருந்தே பொருந்தாது என்று பின்தேதியும் இட்டது. பரீட்சை முடிந்த பிறகு கேள்வித்தாளை மாற்றுவது போல!

1996 ஜூன் மாதம் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லாது என்று தீர்ப்புக் கூறியது. மக்கள் மகிழ்ந்தார்கள். 1997-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி எழுதிவிட்டது. பின்னர் 2010-இல் நீர் தேக்கத் தொடங்கினார்கள். 2011-இல் மின்சாரம் வந்தது.

கதை அத்தோடு முடிந்திருந்தால் இதை நான் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். அடுத்து பாராம் ஆற்றில் 1,200 மெகாவாட்டுக்கு இன்னோர் அணை என்றார்கள். அங்கிருந்த காயான், கென்யா, பெனான் மக்கள் சுங்கை ஆசாப்பைப் பார்த்துப் பாடம் படித்தவர்கள். அணை கட்டி முடியும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. 2013 அக்டோபரில், அணைக்கான இடத்துக்குப் போகும் பாதையில் மரத்தடுப்புப் போட்டுக் குடிசை கட்டி உட்கார்ந்துவிட்டார்கள். தடுப்பைப் பிரித்தபோது மறுபடியும் கட்டினார்கள். ஊர் ஊராக முறை வைத்துக் காவல் இருந்தார்கள். கிழவிகளும் முறை தவறாமல் வந்தார்கள். வயற்காட்டு வேலையும் நடக்க வேண்டும். மறியலும் நடக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இப்படி! கூடவே கடிதம், மகஜர், வழக்கு என்று காகித வேலையையும் விடவில்லை.

2015-இல் அப்போதைய முதலமைச்சர் அடெனான் சாத்தெம் அணையை நிறுத்தி வைப்பதாக அறிவித்தார். 2016-இல், அணைக்காக அம்மக்களின் நில உரிமையை எடுத்துக்கொண்ட அரசாங்க அறிவிப்பே மீட்டுக்கொள்ளப்பட்டது. நிலம் அவர்களிடமே திரும்பியது.

சரி, நம் தீபகற்பத்தில் நாலு பேர் கூடினால் என்ன சட்டம்? கூட்டரசு அரசியலமைப்பின் 10-ஆவது விதி, ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமை குடிமக்கள் எல்லாருக்கும் உண்டு என்கிறது. அதற்கு வரம்பு கட்டியது 2012-ஆம் ஆண்டு அமைதிக் கூட்டச் சட்டம். முதல் மசோதாவில் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்றிருந்தது. எதிர்ப்புக் கிளம்பவே 10 நாளாயிற்று. மக்களவை அதை நிறைவேற்றிய 2011 நவம்பர் 29-ஆம் தேதி, வழக்கறிஞர்களே கூட்டமாக நாடாளுமன்றத்தை நோக்கி நடந்தார்கள். சாலையில் ஊர்வலமாய்ப் போவதையே அச்சட்டம் தடை செய்தது. 2019-இல் அந்தத் தடை நீக்கப்பட்டது. முன்னறிவிப்பும் ஐந்து நாளாகக் குறைந்தது. 2025 ஜூலை முதல் தேதி, முன்னறிவிப்புக் கொடுக்கத் தவறியவருக்கு 10,000 வெள்ளி வரை அபராதம் என்ற பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முப்பது நாளிலிருந்து ஐந்து நாள்வரை இறங்கியது யாரோ மனமிரங்கிக் கொடுத்த சலுகையா? கேட்டவர்கள் இருந்ததால் இறங்கியது.

ஒன்றைக் கவனியுங்கள். மாவட்டப் போலீஸ் தலைவரிடம் கொடுப்பது அறிவிப்பு. "கூடலாமா ஐயா?" என்று கேட்கும் விண்ணப்பம் அன்று. அவர் நிபந்தனை விதிக்கலாம். குறித்த காலத்துக்குள் பதில் வராவிட்டால் அறிவித்தபடி கூட்டத்தை நடத்தலாம் என்று சட்டமே சொல்லுகிறது. கல்யாணம், சவ ஊர்வலம், சங்கங்களின் பொதுக்கூட்டம் ஆகியவற்றுக்கு அறிவிப்பே தேவையில்லை.

ஆனால் எங்கே கூடுவது? இங்கேதான் முடிச்சு. 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. கூடக் கூடாத இடங்களின் பட்டியல் அது. அணைக்கட்டு, நீர்த்தேக்கம், மின் உற்பத்தி நிலையம், பெட்ரோல் நிலையம், மருத்துவமனை, வழிபாட்டுத்தலம், பள்ளிக்கூடம் எல்லாம் அதில் உண்டு. இவற்றின் எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் கூடாது. அணையால் வீடிழப்பவர் அந்த அணையின் வாசலில் நின்று முறையிட முடியாது. போகட்டும், தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். நாம் கூடுவதற்கு இருப்பவை கோவிலும் பள்ளிக்கூடமும் திடலும். முதல் இரண்டும் பட்டியலில் உள்ளன. திடல் தோட்டத்துக்குச் சொந்தம். நில உரிமையாளரின் சம்மதம் வேண்டும் என்று அதே சட்டத்தில் ஒரு பிரிவு வைத்தார்கள். யார்மீது குறையோ அவரிடமே போய்த் திடல் கேட்க வேண்டியிருந்தது! மருத்துவமனை வாசலில் கூச்சல் வேண்டாம் என்றால் நியாயம் புரிகிறது. மற்றவை பட்டணத்தைப் பார்த்து எழுதியவை. லயத்தைக் கண்டவர் எழுதியவையாகத் தோன்றவில்லை. அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவன் இதற்குமேல் பேசக்கூடாது. நிறுத்திக்கொள்கிறேன்.

மூன்றாம் நாள் அந்த அம்மாளின் வீட்டுக்கே போனேன். "அம்மா, மகஜர்ல கையெழுத்துப் போடுறது கூட்டமும் இல்ல, மறியலும் இல்ல. இதுக்கு யாருகிட்டயும் உத்தரவு வாங்க வேணாம். வீடு வீடாப் போயி வாங்குங்க. நாலு பிரதி எடுத்துக்குங்க" என்றேன்.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்" என்றார். சொல்லியிருக்கலாம்தான்.

மறுவாரத்துக்குள் இருபத்தாறு குடும்பங்கள் கையெழுத்திட்டன. ஒரு பாட்டி கைநாட்டு வைத்தார். தோட்ட அலுவலகத்துக்கு ஒன்று, தொழிலாளர் இலாகாவுக்கு ஒன்று, மாவட்ட அலுவலகத்துக்கு ஒன்று, சட்டமன்ற உறுப்பினருக்கு ஒன்று. ஒவ்வோர் இடத்திலும் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை குத்தி வாங்கி வந்தார்கள். அந்த யோசனை என்னுடையதில்லை, அந்த அம்மாளுடையது.

மாதக் கடைசி வந்தது. விளக்கு அணையவில்லை. தனி மீட்டருக்கான மனு இன்னும் மேசைக்கு மேசை நகர்ந்துகொண்டிருக்கிறது. கையெழுத்துப் போடாத நான்கு வீடுகளிலும் சேர்த்துத்தான் விளக்கு எரிகிறது. முத்திரை குத்திய பிரதிகளைப் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள் இருக்கும் பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறார் அந்த அம்மாள். போன வாரம் என்னைப் பார்த்தபோது, அடுத்த கடிதம் எழுத நல்ல தாளாக நாலு வேண்டும் என்று கேட்டார்.