செத்துவிட்டதா நெட்வொர்க் கார்டு?
'கோடு 10' என்று வந்தாலே ஃபார்மட் என்கிறார்கள். பெரும்பாலும் தேவையே இல்லை

நேற்று இரவு வரை ஒழுங்காக இருந்த கம்ப்யூட்டர் இன்று காலை இன்டர்நெட்டைக் காட்ட மறுக்கிறது. அதே வீட்டில் போனில் வை-ஃபை கிடைக்கிறது. ஆகவே குறை இணைப்பில் இல்லை. டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் நெட்வொர்க் கார்டின் பெயர் மீது மஞ்சள் முக்கோணம். கிளிக் செய்தால், இந்தச் சாதனத்தைத் தொடங்க முடியவில்லை, கோடு 10 என்று ஒற்றை வரி.

அடுத்த காட்சி பெரும்பாலும் தெருமுனை ரிப்பேர் கடையில். "ஃபார்மட் பண்ணிடலாம் சார்" என்பது அங்கே சுலபமாகக் கிடைக்கும் தீர்ப்பு. பிரதி எடுத்து வைக்காதவர்கள் இழப்பது கல்யாண போட்டோக்களையும் சில வருடக் கணக்குகளையும்.

இத்தனைக்கும் கோடு 10 மரண அறிவிப்பு அல்ல. விண்டோஸுக்கும் கார்டுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளராக நிற்கும் சாஃப்ட்வேர்தான் டிரைவர். டிரைவர் எழுப்பியும் கார்டு எழுந்திருக்கவில்லை. செய்தி அவ்வளவுதான். வேறு எண் வந்தால் நோயும் வேறு. 22 என்றால் கார்டு முடக்கி வைக்கப்பட்டிருக்கிறது. 28 என்றால் டிரைவரே இல்லை. 43 என்றால் சாதனம் கோளாறு என்று சொன்னதால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது. எண்ணைக் குறித்துக்கொள்வது பாதி வைத்தியம்.

முதல் மருந்துக்குச் செலவில்லை: ஷட் டவுன் அல்ல, ரீஸ்டார்ட். 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, சீக்கிரம் விழித்துக்கொள்வதற்காக ஷட் டவுனில் கம்ப்யூட்டர் பழைய நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து வைக்கிறது. பழைய குழப்பமும் அதோடு திரும்பி வரலாம். ரீஸ்டார்ட்தான் அடியிலிருந்து தொடங்குகிறது.

அதற்கும் மசியாவிட்டால் கம்ப்யூட்டரை அணைத்து, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கி, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அணைத்த பிறகும் பல கம்ப்யூட்டர்களில் கேபிள் செருகும் இடத்தில் விளக்கு எரிவதைப் பார்த்திருப்பீர்கள். கார்டுக்கு அப்போதும் மின்சாரம் போகிறது. அது முழுதாக நின்றால்தான் கார்டு தன் பிடிவாதத்தை மறக்கும். பேட்டரியைக் கழற்ற முடியாத லேப்டாப்பிலும், சார்ஜரை எடுத்துவிட்டு இப்படிச் செய்தால் பல மாடல்களில் பலன் உண்டு.

அடுத்த சந்தேகம் டிரைவர் மீது. விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு தொல்லை தொடங்கியிருந்தால், கார்டின் பிராப்பர்டீஸில் 'ரோல் பேக் டிரைவர்' பொத்தான் பழையதைத் திரும்பக் கொண்டுவரும். அது மங்கலாக இருந்தால் சாதனத்தை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்யலாம். விண்டோஸ் தானே மறுபடி நிறுவும். ஆனால் புது டிரைவர் கையில் இல்லாமல், டிரைவரையும் சேர்த்து அழிக்கும் கட்டத்தில் டிக் போடாதீர்கள்.

இங்கே ஒரு சிக்கல். டிரைவர் இருப்பது இன்டர்நெட்டில். இன்டர்நெட்டுக்கு வேண்டியது டிரைவர். போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் செய்தால் முடிச்சு அவிழும். எந்த டிரைவர்? பிராப்பர்டீஸின் டீடெய்ல்ஸ் பக்கத்தில் ஹார்டுவேர் ஐடியைப் பாருங்கள். தயாரிப்பாளர் எண் 8086 என்றால் இன்டெல், 10ஈசி என்றால் ரியல்டெக். கம்ப்யூட்டர் தயாரித்த கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்கென்று இருப்பதே பாதுகாப்பானது. 'எல்லா டிரைவரும் இலவசம்' என்று கூவும் சாஃப்ட்வேர்களை வீட்டுக்குள் விடாதீர்கள்.

பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தையும் ஒருமுறை பார்க்கலாம். மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கார்டைத் தூங்க வைக்கும் அனுமதி அங்கே இருக்கும். தூங்கிய கார்டு சில சமயம் எழுவதில்லை. டிக்கை எடுத்துவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகே கார்டின் உடம்பைச் சோதிக்க வேண்டும். டெஸ்க்டாப் என்றால் பிளக்கைப் பிடுங்கி, உலோகத்தைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு, கார்டைக் கழற்றித் தூசி தட்டி அழுத்திச் செருகுங்கள். பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டிப் பார்ப்பது இன்னும் நல்ல சோதனை. இதற்கு ஹார்ட் டிஸ்கில் எதையும் நிறுவ வேண்டாம். அதில் இன்டர்நெட் வந்தால் கார்டு பிழைத்தது. குற்றவாளி விண்டோஸ் பக்கம் இருக்கிறான். அதிலும் வராவிட்டால்தான் கார்டு மீது சந்தேகம் வலுக்கும். மொட்டை மாடிகளைத் தாண்டி வரும் செம்புக் கம்பி கேபிளானால், இடி மின்னலோடு வந்த அதிர்ச்சி கார்டைப் பொசுக்கியிருக்கலாம். மழைக்காலத்தில் கேபிளைக் கழற்றி வைப்பது வீண் பயமல்ல.

செத்தே போயிருந்தாலும் கவலையில்லை. சில நூறு ரூபாயில் யுஎஸ்பி வை-ஃபை அடாப்டர் சென்னை ரிச்சி தெருவிலோ, பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலோ, டில்லி நேரு பிளேஸிலோ கிடைக்கும். கார்டை வாங்கிவிடலாம். அழித்த போட்டோவை எந்தக் கடையிலும் விற்பதில்லை.