கொழுப்பு மாற்றுச் சிகிச்சை: சம்மதிக்கும் முன் கேட்க வேண்டியவை

பெருநகரங்களில் வாழும் நம் குடும்பத்தாரின் கண்களில் அடிக்கடி படும் விளம்பரங்களுள் ஒன்று, 'ஃபேட் டிரான்ஸ்பர்' எனப்படும் கொழுப்பு மாற்றுச் சிகிச்சை. வயிற்றில் மிகுந்திருக்கும் கொழுப்பை எடுத்து ஒட்டிப்போன கன்னத்தில் வைப்போம், அன்றே வீடு திரும்பலாம், பணத்தைத் தவணையில் செலுத்தலாம் என்று அவை அழைக்கின்றன. சொந்த ஊரிலிருந்தால் நன்கு தெரிந்த டாக்டர் ஒருவரைக் கேட்டு முடிவெடுப்போம். மும்பையிலும் டெல்லியிலும் பெங்களூரிலும் அந்த வாய்ப்புப் பலருக்கு இல்லை. ஆங்கிலத்தில் அச்சிட்ட சம்மதப் படிவத்தில் கையொப்பமிட்ட பின்பே கலங்குகிறவர்கள் உண்டு. எனவே, குடும்ப ஆலோசனையின்போது இதைக் குறித்து எழும் கேள்விகளுக்கு மருத்துவத் துறை தரும் விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். இது டாக்டரின் ஆலோசனைக்கு ஈடாகாது. அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று அறிய உதவும்.

இது அழகு நிலையத்தில் செய்யக்கூடியதா?

இல்லை. இது அறுவைச் சிகிச்சை. முதலில் வயிறு, தொடை போன்ற இடங்களில் மரத்துப்போகும் மருந்தும் இரத்தக் கசிவைக் குறைக்கும் அட்ரினலினும் கலந்த உப்பு நீரைச் செலுத்தி, மெல்லிய குழாயினால் கொழுப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள். அதிலுள்ள நீர், இரத்தம், எண்ணெய் ஆகியவற்றைப் பிரித்து நீக்குகிறார்கள். பின்னர்த் தூய கொழுப்பைத் தேவையான இடத்தில் சிறு சிறு துளிகளாகப் பல அடுக்குகளில் செலுத்துகிறார்கள். குறைந்த அளவுக்கு அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்தால் போதும். அதிக அளவுக்கு முழு மயக்கம் தேவைப்படலாம்.

இதன் தொடக்கமும் அழகுக்காக அன்று. 1893-ஆம் ஆண்டு குஸ்டாவ் நாய்பர் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர், ஒருவரது கையிலிருந்து எடுத்த கொழுப்பைக் கொண்டு அவரது முகத் தழும்பின் பள்ளத்தை நிரப்பினார். இன்றும் தீக்காயத் தழும்பு, விபத்தில் சிதைந்த முகம், புற்றுநோய்க்காக அகற்றப்பட்ட மார்பகம் ஆகியவற்றைச் சீர்ப்படுத்த இம்முறை பெரிதும் பயன்படுகிறது.

தாயின் கொழுப்பை மகளுக்கு வைக்கலாமா?

கூடாது. பிறருடைய கொழுப்பை நம் உடல் அந்நியப் பொருளாகக் கண்டு அழித்துவிடும். அவரவர் கொழுப்பை அவரவருக்கே வைக்க முடியும்.

வைத்த கொழுப்பு நிலைத்திருக்குமா?

முழுவதும் நிலைக்காது. இதை நாற்று நடுவதற்கு ஒப்பிடலாம். பிடுங்கி நட்ட நாற்று வேர் பிடித்தால்தான் பிழைக்கும். அதுபோல இடம் மாறிய கொழுப்பு அணுக்களுக்குப் புதிய நுண்ணிய இரத்தக் குழாய்கள் வளர்ந்து வந்து சேர வேண்டும். சேராதவை மடிந்து கரைந்துபோகும். பாதிக்குமேல் நிலைப்பதும் உண்டு. பாதிக்கும் குறைவாக மிஞ்சுவதும் உண்டு. முதல் சில வாரங்களில் காணும் நிறைவில் பெரும்பகுதி வீக்கமே. மூன்று முதல் ஆறு மாதங்கள் சென்ற பின்பே உண்மையான பலன் தெரியும். சிலருக்கு இரண்டாம் முறையும் செய்ய நேரும். அதற்கான கட்டணத்தையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். 'நூறு சதவீதம் நிலைக்கும்' என்று வாக்களிப்பவரிடம் எச்சரிக்கையாயிருங்கள்.

உடல் எடை குறையுமா?

குறையாது. கொழுப்பு உறிஞ்சுதல் உடல் பருமனுக்கான சிகிச்சை அன்று. சிகிச்சைக்குப் பின் எடை கூடினால், புதிய இடத்திலுள்ள கொழுப்பும் பெருக்கும். எடை வெகுவாகக் குறைந்தால் அதுவும் சுருங்கும்.

இதில் உயிராபத்து உண்டா?

வீக்கம், இரத்தக் கன்றல், மேடுபள்ளம், சிறு கட்டிகள், நோய்த்தொற்று ஆகியவை அறியப்பட்ட பின்விளைவுகள். அரிதாயினும் கொடிய விளைவுகளும் உண்டு. புருவங்களின் நடுவிலோ மூக்கிலோ செலுத்தும் கொழுப்பு தவறுதலாக இரத்தக் குழாய்க்குள் சென்றால் கண்பார்வை பறிபோகலாம், பக்கவாதமும் வரலாம்.

மிகுந்த ஆபத்துடையது, பிட்டத்தைப் பெருக்கச் செய்யும் கொழுப்பு மாற்றம். 2017-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, அதில் ஏறக்குறைய 3,000 பேரில் ஒருவர் இறக்கக்கூடும் என்று கணக்கிட்டது. தசைக்குள் செலுத்திய கொழுப்பு, கிழிந்த பெரிய சிரைகளின் வழியே இருதயத்துக்கும் நுரையீரலுக்கும் சென்று அடைத்துக்கொள்வதே காரணம். எனவே தசைக்குள் செலுத்தவே கூடாதென்று 2018-ல் பன்னாட்டு மருத்துவச் சங்கங்கள் எச்சரித்தன. 2022-ல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலம், ஒரு டாக்டர் ஒரு நாளில் மூன்றுக்கு மேல் இத்தகைய சிகிச்சை செய்யலாகாது என்று விதித்தது.

நம் நாட்டிலும் 2022 மே மாதம், பெங்களூரில் கொழுப்பு நீக்கும் சிகிச்சைக்குச் சென்ற 21 வயதுக் கன்னடத் தொலைக்காட்சி நடிகை ஒருவர் மரணமடைந்த செய்தியைப் பலரும் அறிவோம்.

சிகிச்சைக்குப் பின் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, பார்வை மங்கல், கடும் காய்ச்சல், கெண்டைக்காலில் வீக்கம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தோன்றினால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மார்பகத்தில் செய்தால் புற்றுநோய் வருமா?

கொழுப்பு மடிந்த இடத்தில் உண்டாகும் சுண்ணாம்புப் படிவு, புற்றுநோயைக் கண்டறிவதற்குத் தடையாகும் என்று அஞ்சி, அமெரிக்கப் பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் சங்கம் 1987-ல் இதற்கு எதிராக அறிவுறுத்தியது. பின்வந்த ஆய்வுகளைச் சீர்தூக்கி 2009-ல் அந்நிலையை மாற்றிக்கொண்டது. எனினும், குடும்பத்தில் மார்பகப் புற்றுநோய் இருந்திருந்தால் அதை மறைக்கலாகாது. சிகிச்சைக்கு முன் மேமோகிராம் தேவையா என்று கேளுங்கள். பிற்காலத்தில் ஸ்கேன் எடுக்கும்போதெல்லாம் இந்தச் சிகிச்சை செய்துகொண்டதைத் தெரிவியுங்கள்.

டாக்டரிடம் எவற்றைச் சொல்ல வேண்டும்?

சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், இருதய நோய், முந்தைய அறுவைச் சிகிச்சைகள், மருந்து ஒவ்வாமை, கர்ப்பம் ஆகிய அனைத்தையும் சொல்லுங்கள். புகைப்பிடித்தல் இரத்த ஓட்டத்தைக் குறைத்து, வைத்த கொழுப்பையும் காயம் ஆறுவதையும் கெடுக்கும். ஆஸ்பிரின் போன்ற இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளை மறைக்கவும் கூடாது. அவற்றைக் கொடுத்த டாக்டரைக் கேளாமல் நிறுத்தவும் கூடாது.

யாரிடம் செய்துகொள்வது?

எம்.பி.பி.எஸ்., எம்.எஸ். பட்டங்களுக்குப் பின் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது அதற்கு இணையான டி.என்.பி. பெற்றவரே இதற்கு முறையாகப் பயின்றவர். சில வாரப் பயிற்சிச் சான்றிதழ் அதற்கு ஈடாகாது. மருத்துவக் கவுன்சில் பதிவெண்ணைக் கேட்பது அவமரியாதை அன்று. மயக்க மருந்து கொடுப்பவர் யார், அவசரநிலை நேர்ந்தால் தீவிர சிகிச்சைப் பிரிவு எங்கே இருக்கிறது, சிகிச்சை செய்யப்போவது நம்மோடு பேசும் டாக்டர்தானா என்பவற்றையும் கேளுங்கள். 'ஸ்டெம் செல் சேர்த்து இளமையாக்குவோம்' என்ற அழைப்பை நம்பாதீர்கள். 2017-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறைகள் அதனை அங்கீகரிக்கவில்லை.

காப்பீடு கிடைக்குமா?

வெறும் தோற்றத்துக்காக என்றால் பொதுவாகக் கிடைக்காது. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பின் உறுப்பைச் சீரமைக்க மருத்துவர் பரிந்துரைத்தால் வழியுண்டு. அப்படிப்பட்டவர்கள் கடன் வாங்கித் தனியாரிடம் செல்லுமுன், மும்பையின் கே.இ.எம்., டெல்லியின் சப்தர்ஜங், பெங்களூரின் விக்டோரியா போன்ற பொது மருத்துவமனைகளின் பிளாஸ்டிக் சர்ஜரிப் பிரிவில் விசாரிக்கலாம்.

மகளின் திருமணத்துக்கு முன் செய்யலாமா?

பெற்றோர் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி இது. முதலில் இதை விரும்புவது யார் என்று பாருங்கள். மாப்பிள்ளை வீட்டார் கன்னம் ஒட்டியிருக்கிறது என்றதற்காகப் பெண்ணை அறுவை மேசைக்கு அனுப்புவது முறையன்று. சிகிச்சை முடிந்ததும் அவர்கள் வேறொரு குறையைக் காண மாட்டார்கள் என்பதற்கு என்ன உறுதி? மெலிவுக்கு இரத்தசோகை, தைராய்டு, காசநோய், உணவைத் தவிர்க்கும் பழக்கம் ஆகியவை காரணமாயிருக்கலாம். முதலில் அவற்றைப் பரிசோதியுங்கள். கண்ணாடியைக் கண்டாலே வெறுப்பும் அழுகையுமாக இருந்தால், மனநல ஆலோசகரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

தீக்காயத் தழும்போடு வளர்ந்த பெண் தானாகவே இதை விரும்பினால், வீண் ஆசை என்று அவளைக் கடிந்துகொள்ளாதீர்கள். அவளோடு கூடச் செல்லுங்கள். படிவத்தை வரிவரியாகத் தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்டு, வீட்டுக்கு எடுத்து வாருங்கள். இன்றே முன்பணம் கட்டினால்தான் தள்ளுபடி என்று அவசரப்படுத்தும் இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். நம் பிள்ளையின் உயிரைவிட அந்தத் தள்ளுபடி பெரிதன்று.